சிகாமட் வரை கோஸ்தான்

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. போன வாரம் சும்மா இருக்க முடியாமல் பட்டறைப் பக்கம் போனேன். புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ராமதாஸ் என்பவர் கேட்டார்: "அண்ணே, நம்ம பட்டறையில மட்டும் ஏன் எல்லா வண்டியையும் கிழக்குப் பாத்தே நிறுத்தச் சொல்றாங்க? மத்த எடத்துல எப்படி வேணும்னாலும் நிறுத்துறாங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் அது சாமி விஷயம் என்றார். இன்னொருவர் வெயிலுக்காக என்றார். மூன்றாமவர் என்னைப் பார்த்து, "நீங்க சிகாமட் வரைக்கும் முப்பது மைலு பின்னாலயே ஓட்டிக்கிட்டுப் போனீங்களாமே, வெள்ளைக்காரத் தொரை மயங்கி விழுந்துட்டாராமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது மைல் இல்லை, பதினான்கு மைல். ஓட்டியது நான் இல்லை, டிரைவர் மாமாட். யாரும் மயங்கி விழவில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே கதை இவ்வளவு வளர்ந்திருந்தால், போன பிறகு வண்டி பறந்ததாகவே சொல்லிவிடுவார்கள். அவர்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் பட்டறைக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாய் நாட்டில் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. லாரிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஒரு நாள் லாரி தங்காக் அருகே நின்றுவிட்டது. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். உள்ளே இருந்து ஒரு செத்த எறும்பு வந்து விழுந்தது, வண்டி கிளம்பியது. அந்த ஓர் எறும்பை வைத்து நான் என்னைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நாலு வருஷம் சிகாமட் பக்கத்தில் ஐந்து தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த பட்டறையில் கை கறுக்க வேலை செய்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது.

பட்டறைக்கு ஃபோர்மன் ஜேக்கப் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நாங்கள் அவர் இல்லாத நேரத்தில் அவரைப் 'பாதிரியார்' என்போம். சத்தம் போட்டதே கிடையாது. தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நின்று, காதில் செருகிய பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். "உது சரியில்லை, வேலு" என்பார். அவ்வளவுதான். நாலு அடி கொடுத்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அவருக்கு ஒரு முறை உண்டு. எந்த வண்டியைப் பிரித்தாலும், வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரிப்பார். வண்டியில் எந்தச் சாமான் எந்தத் திசையில் இருந்ததோ, அதே திசையில் துணியில் இருக்க வேண்டும். வண்டியின் மூக்கு வாசலைப் பார்த்திருந்தால் துணியின் தலைப்பும் வாசலைப் பார்க்கும். வலப்பக்கத்துச் சாமானுக்குச் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு, இடப்பக்கத்துக்கு வெள்ளைச் சாயத்தில் ஒரு பொட்டு. துணியைப் பார்த்தால் வண்டி படுத்துக்கிடப்பது போலவே இருக்கும். மாட்டும்போது யோசிக்கவே வேண்டாம்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து தோட்டங்களே ஆடிப்போயிருந்தன. வேலையில்லை என்று ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறையில் ஒன்பது பேர். பட்டறையை மூடிவிட்டு வண்டிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பழுதுபார்த்தால் என்ன என்று கம்பெனி கேட்டிருந்தது. அதை முடிவுசெய்ய மேற்பார்வைத் துரை ஒருவர் வரப்போகிறார் என்றார்கள். விசிட்டிங் ஏஜெண்ட் என்பதைச் சுருக்கி வி.ஏ. தொரை என்று சொல்வோம். மானேஜர் துரை ஜேக்கப் ஐயாவைக் கூப்பிட்டு, பழுதாகிக் கிடந்த தோட்டத்து டாக்டர் வண்டியைச் சரிசெய்து அதிலேயே வி.ஏ. துரையைச் சிகாமட் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் ஒன்பது பேர் பெயரும் கப்பல் லிஸ்டில் ஏறும் என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி பச்சையம்மாள் அப்போது ஏழு மாதம். இங்கேயே பிறந்தவள், இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எனக்கும் அங்கே காணியும் இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளும் இல்லை. "கப்பல்ல புள்ள பொறந்தா அதுக்கு எந்த ஊருன்னு எழுதுவாங்க?" என்று கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன்.

டாக்டர் வண்டி நங்கூரம் மார்க். ரேடியேட்டரின் நெற்றியில் பித்தளையில் சின்ன நங்கூரம் இருக்கும், அதனால் அந்தப் பெயர். எண்ணெய் இல்லாமல் ஓடி, எஞ்சினுக்குள் ஒரு தண்டு முறிந்து, அடிவயிற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. என் கை முட்டி நுழையும் அளவு ஓட்டை. பின் அச்சில் இருந்த பெரிய பல்சக்கரமும் நாலு பல் போயிருந்தது. அந்த மாடலுக்குச் சாமான் சீமையிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்று சிங்கப்பூரில் கையை விரித்துவிட்டார்கள். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

ஆனால் எங்களிடம் இன்னொரு நங்கூரம் இருந்தது. முந்திய மானேஜர் விட்டுப்போனது, டாக்டர் வண்டியைவிட ஐந்தாறு வருஷம் பழையது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. உடம்பெல்லாம் கறையான் தின்றுவிட்டது. ஆசனத்தில் கோழி முட்டையிட்டிருந்தது. ஜேக்கப் ஐயா கோழியை மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து, கைப்பிடியைப் போட்டு அரைச் சுற்றுச் சுற்றினார். எஞ்சின் இடம் கொடுத்தது. அவர் முகத்தில் நான் முதன்முதலாகப் பல்லைப் பார்த்தேன்.

"வேலு, இதின்ர நெஞ்சை எடுத்து அதுக்குள்ள வைப்பம்" என்றார்.

அந்தப் பதினோரு நாளைப் போல ஒரு சந்தோஷம் என் வேலைக்காலத்தில் வந்ததில்லை. கப்பல் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே அம்மா பெற்ற இரண்டு வண்டியை ஒன்றாக்குவது என்றால் சும்மாவா? சாப்பிடக் கூப்பிட்டால் யாரும் போகவில்லை. ஒரே மார்க் என்றால் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பொருந்தாது. கொஞ்சம் பொருந்தும், அதுதான் தொல்லை. பழைய எஞ்சினின் கால்கள் இரண்டு விரல் அகலம் கூடுதல். எங்கள் கொல்லர் முனியாண்டி அண்ணன், தோட்டத்துச் சின்ன ரயில் தண்டவாளத் துண்டைக் காய்ச்சி அடித்து நாலு தாங்கி செய்தார். எஞ்சின் அதிராமல் இருக்க அடியில் எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே வெட்டி வைத்தோம். எண்ணெய் பட்டால் ரப்பர் கூழாகிவிடும் என்று ஜேக்கப் ஐயா ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் சட்டை போடச் சொன்னார்.

தண்ணீர்க் குழாய்தான் படாதபாடு படுத்தியது. பழைய எஞ்சினின் வாய் ஓரிடம், புதிய ரேடியேட்டரின் வாய் வேறிடம். பித்தளைக் குழாயை வளைத்தால் நடுவில் நசுங்கிவிடுகிறது. இரண்டு குழாய் வீணாகப் போன பிறகு முனியாண்டி அண்ணன் டாமார் பிசினை உருக்கிக் குழாய்க்குள் ஊற்றி, ஆறி இறுகிய பிறகு முழங்காலில் வைத்து வளைத்தார். ஒரு சுருக்கம் இல்லை. திரும்பச் சூடுகாட்டினார், பிசின் ஒழுகி வெளியே வந்தது. ஜேக்கப் ஐயா அந்தக் குழாயைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முனியாண்டி, நீர் பெரிய ஆள்" என்றார். அன்று முழுக்க முனியாண்டி அண்ணனைப் பிடிக்க முடியவில்லை.

பின் அச்சுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. பின் அச்சின் நடுவில் இரண்டு பாதியாகப் பிரியும் ஓர் இரும்புக் கூடு. அதற்குள்ளே பெரிய பல்சக்கரம் உட்காரும். டாக்டர் வண்டியின் கூடு நல்லது, பல்சக்கரம் போய்விட்டது. பழைய வண்டியின் பல்சக்கரத்தை எடுத்து இந்தக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். கூட்டின் பாதிகளை மாற்றிப் போட முடியாது, பிரேக் கம்பி மாட்டும் காது இருப்பதால் காட்டிக்கொடுத்துவிடும். பல்சக்கரத்துக்கு அந்த வம்பே இல்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் அழகாக உட்காரும். இடப்பக்கம் வைத்தால் வண்டி முன்னால் போகும். வலப்பக்கம் வைத்தால் எல்லாம் தலைகீழ். மூன்று கியரும் பின்னால் போகும், பின்னால் போகிற ஒரே கியர் முன்னால் போகும். ஜேக்கப் ஐயாவே அதைப் பழைய வண்டியிலிருந்து கழற்றித் துணியில் வைத்து, ஒரு முகத்தில் சிவப்பும் மறுமுகத்தில் வெள்ளையுமாகப் பொட்டு வைத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் ஆயுத பூசை வந்தது. ஐயா வேதக்காரர் என்றாலும் எங்கள் பூசைக்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. "உங்கட பூசை, நீங்க வடிவாச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். முனியாண்டி அண்ணன்தான் எங்களுக்குப் பூசாரி. சுத்தியல், கிடுக்கி, ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி வைத்தார். அப்புறம் துணியைப் பார்த்தார்.

"வேலு, இதெல்லாம் மேற்கே பாத்துக் கெடக்கு. சாமான் கெழக்கப் பாக்காம எப்படிடா பொட்டு வைக்கிறது? அந்த ஓரத்தப் புடி."

எங்கள் வாசல் மேற்கே, வண்டியின் மூக்கும் அதே பக்கம். நானும் அவரும் இன்னும் இரண்டு பேரும் துணியின் நாலு முனையையும் பிடித்து, ஒரு சாமான்கூட உருளாமல், பக்குவமாக முழுத் துணியையும் திருப்பி வைத்தோம். அந்த அழகை ஐயா பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். முனியாண்டி அண்ணன் ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினார். பொரி, கடலை, சுண்டல் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையிலிருந்து ஐயா முன்னால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை வைத்துக்கொண்டு எஞ்சினோடு மல்லுக்கட்டினார். பின் அச்சு என் பொறுப்பு. துணியிலிருந்த பல்சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு முகத்திலும் சிவப்பு, இரண்டு முகத்திலும் வெள்ளை. குங்குமமும் காய்ந்து வெளுத்த சந்தனமும்தான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், ஐயாவின் பொட்டும் சேர்ந்து போய்விட்டது. போனால் என்ன, துணி பொய் சொல்லாது என்று நினைத்தேன். துணியில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் தூக்கி வைத்தேன். முந்தின நாள் அந்தத் துணியைத் திருப்பிய எட்டுக் கைகளில் இரண்டு என்னுடையவை. அது என் நினைவுக்கு வரவே இல்லை. கிழக்கு எங்களுக்கு அவ்வளவு இயல்பாகப் போய்விட்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு எஞ்சின் பிடித்தது. பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்துக் கியர் போட்டோம். சக்கரம் சுற்றியது. ஒன்பது பேரும் கைதட்டினோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். நானோ முனியாண்டி அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தது பதினோராம் நாள். வி.ஏ. துரையின் ரயில் பதினோரு மணிக்கு. எட்டரைக்கு வண்டியைத் தரையில் இறக்கிப் பட்டறைக்கு வெளியே தள்ளி நிறுத்தினோம். முனியாண்டி அண்ணன் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். டாக்டர் வண்டியின் டிரைவர் மாமாட், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்த மலாய்க்காரர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவர் ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டார்.

வண்டி மெதுவாகப் பின்னால் போனது.

நாலு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. மாமாட் நிறுத்தி, கியரைப் பார்த்து, மறுபடி போட்டார். மறுபடியும் பின்னால்தான். "அலமாக். ஒன்னு போட்டாலும் கோஸ்தான், ரெண்டு போட்டாலும் கோஸ்தான். இது என்னா வண்டி லா?" என்றார். வண்டியைப் பின்னால் எடுப்பதை இங்கே எல்லா இனத்தாரும் கோஸ்தான் என்றுதான் சொல்வோம்.

பல்சக்கரம் வலப்பக்கம் போய்விட்டது என்று அந்த நொடியே புரிந்தது. எப்படிப் போனது என்பதும், துணியைத் திருப்பியபோதே இடம் வலமாகிவிட்டதும் கண்முன் வந்தது. முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், சாமி குத்தம் என்று நினைத்திருப்பார். நான் ஐயாவிடம் போய், "நான்தான் ஐயா தப்பா மாட்டிட்டேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. துணியைத் திருப்பிய கதையைச் சொன்னால் அதோடு பட்டறையில் பூசையே நின்றுவிடும் என்று பயம்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "கழற்றிப் பூட்ட ஆறு மணித்தியாலம். ரயிலுக்கு இரண்டரை." காதிலிருந்த பென்சிலை எடுத்தவர் எதையும் தட்டாமல் திரும்பச் செருகிக்கொண்டார். "மாமாட், முன்னால போற ஒரு கியரில பதினாலு மைல் போனா?"

"ரெண்டு மைல்ல தண்ணி கொதிச்சிடும் ஐயா. மாட்டு வண்டி நம்மள முந்திடும்."

"கோஸ்தானில?"

மாமாட் திரும்பிப் பின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "போலே, ஐயா." முடியும் என்று அர்த்தம்.

ஐயா உள்ளே போய் ஆயுதப் பெட்டியையும், வெள்ளைத் துணியையும், ஜாக்கியையும் தாமே தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார். எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அந்தப் பதினான்கு மைலை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வண்டியின் துணிக்கூரையை மடக்கிவிட்டோம். மாமாட் ஒரு கை ஸ்டியரிங்கில், மறுகை ஆசனத்தின் முதுகில், தலை முழுக்கப் பின்னால் திரும்பியிருந்தார். ஜேக்கப் ஐயா பின் ஆசனத்தில் முழங்காலிட்டுப் போகிற திசையைப் பார்த்திருந்தார். பாதிரியார் என்று நாங்கள் வைத்த பெயர் அன்றைக்குத்தான் முழுதாகப் பொருந்தியது. நான் பக்கவாட்டுப் பலகையில் நின்று, "எடம் வா, நேரா, நேரா, பள்ளம்" என்று கத்திக்கொண்டே போனேன். பின்னால் ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் மூக்குப்பக்கம் வீசி அடிக்கும். முதல் மைலில் இரண்டு தடவை புல்லுக்குள் போய் வந்தோம். மூன்றாவது மைலில் மாமாட்டுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மூன்றாவது கியர் போட்டார். செம்மண் ரோட்டில் இருபது மைல் வேகம் போயிருக்கும். முதல் மரப்பாலம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு "நேரா" என்றேன். அது நேராகத்தான் இருந்தது, நல்லவேளை.

எதிரே சைக்கிளில் வந்த சீனர் ஒருவர் எங்கள் வண்டியின் முதுகைப் பார்த்து, அது அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து நடுரோட்டிலேயே வந்தார். கிட்ட வந்ததும் சைக்கிளோடு கால்வாய்க்குள் இறங்கிவிட்டார். ஐயா தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்பதாவது மைலில் ரேடியேட்டர் கொதித்தது, பின்னால் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றுக் கிடைக்காதே. கால்வாயில் தகர டின்னால் மொண்டு ஊற்றினோம். முனியாண்டி அண்ணன் வளைத்த குழாயில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பழைய எஞ்சின் பாடிக்கொண்டிருந்தது. பயத்தில் செத்துக்கொண்டிருந்த நிலையிலும் அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சிகாமட் கடைத்தெருவில் ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார், எந்தப் பக்கம் நின்று நிறுத்துவது என்று தெரியாமல் இறக்கிவிட்டார். பத்தே முக்காலுக்கு மாமாட் ஸ்டேஷன் வாசலில், படிக்கட்டுக்கு ஒரு முழம் முன்னால், பின்பக்கத்தைக் காட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

ரயில் வந்தது. வி.ஏ. துரை உயரமானவர், வெள்ளைக் கோட்டு, கையில் தோல்பை. வெளியே வந்தவர் படிக்கட்டுக்கு ஒட்டி ஒழுங்காகப் பின்பக்கம் காட்டி நிற்கும் வண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல டிரைவர் என்று ஏதோ சொன்னார். மாமாட் நிமிர்ந்து நின்றார். துரை ஒரு காலைத் தூக்கிப் பலகையில் வைத்தார்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. இருக்கிற ஒரே முன் கியரில் மெதுவாகத் தெருமுனை வரை போய், அங்கே வண்டி நின்றுவிட்டதாகச் சொல்லி, வேறு வண்டி பிடித்து அவரை அனுப்பிவிடலாம். பட்டறை தப்பித்துவிடும். ஐயாவின் காதருகே போய் அதைச் சொன்னேன். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு துரையின் முன்னால் போய் நின்றார்.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் பேசியது எல்லாம் புரிந்தது. எஞ்சின் பழைய வண்டியுடையது, நன்றாக இருக்கிறது. பின் அச்சைத் தப்பாக மாட்டிவிட்டோம். தோட்டத்திலிருந்து பின்னாலேயே ஓட்டி வந்தோம். துரை காலை இறக்கிக்கொண்டார். யார் மாட்டியது என்று கேட்டார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். ஜேக்கப் ஐயா என் பக்கம் திரும்பாமலே, தன் பட்டறை மாட்டியது என்றார். பெயர் என்ன என்று துரை மறுபடி கேட்டார். ஐயா தன் பெயரைச் சொன்னார்.

துரை எங்கள் மூவரையும், வண்டியையும், அதற்குள் இருந்த ஆயுதப் பெட்டியையும் பார்த்தார். கடிகாரத்தை எடுத்தார். எதிரே இருக்கும் ரெஸ்ட் ஹவுஸில் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வருவேன் என்றார். இந்த வண்டி முன்னால் போனால் ஏறுவேன், போகாவிட்டால் ஐந்து மணி ரயிலில் திரும்பிப் போய்க் கடிதம் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். ஐந்து மணி நேரம். ஐயா கணக்குப்படி ஆறு மணி நேர வேலை.

காலையில் அவர் ஏன் பெட்டியை ஏற்றினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிளம்பும்போதே உண்மையைச் சொல்வது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வண்டியை ஸ்டேஷன் முற்றத்து மரத்தடிக்குத் தள்ளினோம். ஐயா துணியை விரித்தார், நாலு மூலைக்கும் கல் வைத்தார். உடனே வேலை தொடங்கியது. சக்கரம், ஸ்பிரிங் போல்ட், பிரேக் கம்பி. மாமாட் கழற்றித் தந்தார், நான் அடியில் கிடந்தேன், ஐயா வாங்கித் துணியில் வைத்தார். அவர் வெள்ளைக் காற்சட்டை முழங்கால் வரை கறுப்பு. அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு மலாய்க்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

கூட்டைப் பிரித்துப் பல்சக்கரத்தை வெளியே எடுத்தபோது மணி ஒன்றரை. ஐயா அதைக் கையில் வாங்கித் திருப்பினார். ஒரு போல்ட்டின் குழிக்குள் எண்ணெயோடு கலந்து கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டார். மூக்குக்குக் கொண்டுபோனார். சாயத்துக்கு வாசனை வேறு, குங்குமத்துக்கு வேறு. தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். "எங்கட பட்டறை வாசல் மேற்கல்லோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இடப்பக்கம், வேலு. இந்தாரும்" என்று கையில் கொடுத்தார்.

மூன்றே முக்காலுக்குக் கடைசி நட்டை முறுக்கினேன். ரெஸ்ட் ஹவுஸ் படியில் துரை வந்து நிற்பது தெரிந்தது. மாமாட் ஓடிப்போய் ஏறினார். ஐயா முன்னால் போய் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தார். நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். நாலு எலுமிச்சம்பழமும் சூடாக இருந்தன. எடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றேன். ஐயா கைப்பிடியைச் சுற்றாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வையும். நான் நிக்கிறன்" என்றார்.

ஓடி ஓடி நாலையும் வைத்தேன். அவர் ஒரே சுற்றுச் சுற்றினார், எஞ்சின் பிடித்தது. மாமாட் முதல் கியர் போட்டார். நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கிய சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை என் பிள்ளைகளின் முதல் அழுகையைத் தவிர நான் கேட்டதில்லை. கூட்டம் ஹோ என்று கத்தியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. துரை வந்து ஏறினார். ஐயாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அழுக்குக் காற்சட்டை என்று ஐயா தயங்க, துரை தன் தோல்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

பட்டறை வாசலில் மற்ற ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்தில் வளைவு திரும்பியபோது அவர்களுக்கு முதலில் தெரிந்தது ரேடியேட்டரும் அதன் நெற்றியில் இருந்த நங்கூரமும்தான். முனியாண்டி அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார், சாமியையா வண்டியையா என்று தெரியவில்லை. பட்டறை மூடப்படவில்லை. ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கப்பலேறவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பச்சையம்மாளுக்கு வலி கண்ட மத்தியானத்தில் அதே வண்டியில்தான் டாக்டர் லயத்துக்கு வந்தார். மாமாட் மூன்றாவது கியரில் முன்னாலேயே ஓட்டி வந்தார். என் மூத்த மகள் இந்த மண்ணிலேயே பிறந்தாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூசை வந்தது. அந்த ஒரு வருஷமும் ஐயா துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணி திரும்பியதால் வந்த வினை என்று முனியாண்டி அண்ணனிடம் நானும் சொல்லவில்லை. அன்று காலையில் பட்டறையில் ஒரு லாரியின் எஞ்சின் பிரித்துக் கிடந்தது, துணி நிறையச் சாமான். மத்தியானம் ஐயா வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பினார். தொப்பியைப் போட்டுக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார்.

"முனியாண்டி, இனிமேல் இந்தப் பட்டறைக்குள்ள வாற வண்டி எல்லாம் கிழக்குப் பாத்தே நிக்கட்டும். துணியும் கிழக்குப் பாத்தே கிடக்கும். பிறகு பூசைக்கு ஒருத்தரும் ஒண்டையும் திருப்பத் தேவையில்லை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். முனியாண்டி அண்ணன் கையில் குங்குமக் கிண்ணத்தோடு துணியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் நான் போய் லாரியின் பின்னால் தோளைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது. இருவரும் சேர்ந்து அதைத் தள்ளிக் கிழக்குப் பார்த்து நிறுத்தினோம்.